ஊருக்கு வெளியே நிற்கிற பஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் யாரும் சாகமாட்டார்கள். ஆஸ்பத்திரிக் கதை என்றதுமே உங்களில் சிலருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், எனக்குத் தெரியும். நிம்மதியாகப் படியுங்கள்.

சங்கரம்மாளுக்கு வயது ஐம்பத்தாறு. சங்கரன்கோவிலில் இருந்து திருவேங்கடம் போகிற வழியில் ஒரு கரிசல்காட்டு ஊர். இருபத்தைந்து வருடம் சங்கரன்கோவில் தறிக்கூடம் ஒன்றில் பஞ்சுத் தூசிக்குள் வேலை பார்த்தவள். அந்தத் தூசி கொஞ்சம் நெஞ்சில் தங்கிவிட்டது. பனி விழுந்தால் மூச்சு இளைப்பு வரும். ஆனால் அதே நெஞ்சில் இருந்துதான் அவளுடைய குலவையும் வரும். அம்மன் கொடைத் திருவிழாவில் பத்துப் பெண்கள் சேர்ந்து குலவை போட்டாலும் இவளுடையது தனியாகக் கேட்கும். மற்றவர்கள் மூச்சு வாங்கி நிறுத்திய பிறகும் அது மட்டும் போய்க்கொண்டே இருக்கும். அது முடியட்டும் என்று மேளக்காரர் கம்பைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்கு வயிறு உப்பியது. குடித்த தண்ணீர் பச்சையாகத் திரும்பி வந்தது. மகன் இசக்கித்துரை டவுன் பஸ் டிரைவர். அவன் அன்றைக்கு ஓட்டின பஸ்ஸிலேயே, முன் சீட்டில் சாய்த்து உட்கார வைத்து, சங்கரன்கோவில் டவுனில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தான். சர்ஜன் பார்த்துவிட்டுக் குடல் அடைப்பு என்றார். பதினோரு வருடத்துக்கு முன்னால் கர்ப்பப்பை எடுத்தார்களே, அந்தத் தழும்பு உள்ளே குடலோடு ஒட்டிக்கொண்டு அதை மடக்கி வைத்திருந்தது. மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்கள். வழி விடவில்லை. வியாழக்கிழமை காலையில் சர்ஜன், "இனி காத்திருக்க வேண்டாம். மத்தியானம் திறந்து சரி பண்ணிருவோம்" என்றார்.

கத்திக்குச் சங்கரம்மாள் பயப்படவில்லை. அவளுடைய பயம் இருமலுக்கு.

போன தடவை அவளுக்கு நடந்தது அப்படி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து படுத்திருந்தாள். இளைப்புக்காரிக்குச் சளி சேரத்தானே செய்யும். இருமினால் தையல் போட்ட வயிறு இரண்டாகப் பிளப்பது போல இருந்தது. அதனால் வாயைப் பொத்திக்கொண்டு அடக்கினாள். ஆழமாக மூச்சு விட்டாலும் வலி. அதையும் அடக்கினாள். நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. சளி போய் நுரையீரலில் அப்பிக்கொண்டது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் பன்னிரண்டு நாள் மிஷின் வைத்து மூச்சு விட வைத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு கொடைக்கு அவளால் குலவை போட முடியவில்லை. அடக்கி வைத்த இருமல்தான் தன்னைக் கொல்லப் பார்த்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மறுபடியும் வலித்தால் மறுபடியும் அடக்கத்தான் செய்வோம் என்பதும் தெரியும்.

பத்து மணிக்கு மயக்க டாக்டர் வந்தாள். மீனலோசினி என்று பெயர். புளியங்குடிக்காரி. மெலிந்த உடம்பு, வேகமான நடை. பழைய சீட்டுகளை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்தாள். முதுகில் குழல் வைத்துக் கேட்டாள்.

"சங்கரம்மா, போன தடவை சளி கட்டிப் போச்சு, என்ன?"

"ஆமா தாயி. இருமப் பயந்துட்டேன்."

"இந்தத் தடவை பயப்பட வேண்டாம். ஆபரேஷன் நேரத்துல தூங்க வைக்கிறது என் பொறுப்பு. எந்திரிச்ச பெறகு வலிக்கும்லா, அதுக்கும் ஒண்ணு செய்யப் போறேன். வயித்துல நட்டநடுவுல கீறுவாங்க. அதுக்கு ரெண்டு பக்கமும் நரம்புல பிளாக் போட்டுருவோம். நீங்க பாட்டுக்கு இருமலாம், நடக்கலாம்."

இசக்கித்துரை கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைத்தான்.

"என்ன போடுவீங்க மேடம்?"

"பிளாக்."

இந்த இடத்தில் ஒன்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். சங்கரம்மாளின் வீட்டுக்காரர் ஆறுமுகச்சாமி எட்டு வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். ஆடு வளர்த்தவர், திடமான ஆள். ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்றார். பாளையங்கோட்டையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மூணு பிளாக் இருக்கு, பைபாஸ் பண்ணணும்" என்றார்கள். நாள் குறித்து, அந்த நாள் வருவதற்குள் முடிந்துபோயிற்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் பிளாக் என்ற சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று காலையில்தான் குளுக்கோஸ் ஊசி மாற்ற வந்த நர்ஸ் சங்கரம்மாளின் கையைத் தட்டித் தட்டிப் பார்த்து, "நரம்பே கிடைக்க மாட்டேங்கு" என்று சலித்துக்கொண்டு போயிருந்தாள். நம் பக்கத்தில் ரத்தம் ஓடுவதும் நரம்புதான், வலியைக் கொண்டுபோவதும் நரம்புதான். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து யாரும் பேசுவதில்லை. ஆக, ரத்தம் ஓடுகிற குழாயில் இந்த டாக்டர் அடைப்பு வைக்கப் போகிறாள். அம்மாவும் மகனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

"டாக்டரம்மா," என்றாள் சங்கரம்மாள் மெதுவாக. "நான் குடல்ல அடைப்புன்னு வந்து படுத்திருக்கேன். நீங்க அதை எடுத்துட்டு, புதுசா ரெண்டு அடைப்பு வச்சு அனுப்புதேன்னு சொல்லுதீய."

"அய்யோ, இது அந்த பிளாக் இல்ல."

"எந்த பிளாக்கா இருந்தா என்ன. இவன் அப்பாவுக்கு மூணு இருந்துச்சு. நான் ரெண்டோட போகணுமா? பொறவு பைபாசும் நீங்களே பண்ணுவீயளோ?"

மீனலோசினிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் எதிரே இருந்த இரண்டு முகத்தையும் பார்த்து அடக்கிக்கொண்டாள். சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வயிறு வரைந்தாள். தோல், கொழுப்பு, தசை என்று ஒவ்வொரு அடுக்காகக் கோடு போட்டாள். "இந்த இடத்துல மருந்து போய் நரம்பைச் சுத்தி நிக்கும். அதனால வலி தாண்டிப் போகாது" என்றாள்.

"சுத்தி நின்னு அடைச்சுக்கிடும்," என்றான் இசக்கித்துரை.

"ஆமா. இல்ல, அடைக்காது. அதாவது," என்று நிறுத்தினாள். படம் விஷயத்தை இன்னும் மோசமாக்கிவிட்டது.

"அப்பம் இது இல்லாம வேற ஊசி கெடையாதா?" என்றாள் சங்கரம்மாள்.

"இருக்கு. நல்ல பலமான ஊசியே இருக்கு. ஆனா அது உங்க மூச்சை மந்தமாக்கும். இப்பத்தான் சரி பண்ணுத குடலையும் தூங்க வச்சிரும். உங்க நெஞ்சுக்கு அது எனக்குப் பிடிக்கல."

சங்கரம்மாள் பேனாவை வாங்கினாள். ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போட்டாள். பிளாக்குக்கான அடுத்த தாளை டாக்டர் பக்கமே தள்ளிவிட்டாள்.

"இதுக்குப் போடமாட்டேன் தாயி. கோவிச்சுக்கிடாதீய."

"எனக்கு என்ன கோவம். உங்க உடம்பு, உங்க கையெழுத்து. ஒரு மணி வரைக்கும் நேரம் இருக்கு. நான் திரும்ப வாரேன்," என்று மீனலோசினி எழுந்து போனாள்.

இசக்கித்துரைக்கு அறையில் இருப்புக் கொள்ளவில்லை. வராந்தாவுக்கு வந்தான். பிளாக் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஆனால் போன தடவை அம்மா மூச்சுக்குத் திணறினதும் கண்ணுக்குள்ளேயே நின்றது. எதை நம்புவது என்று தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த நேரத்தில் போன் அடித்தது. கண்டக்டர் மகாராஜா. இசக்கித்துரைக்குப் பதிலாக அன்றைக்கு வேறு ஆள் வண்டி ஓட்டினான். டவுனுக்குள் ஏதோ ஊர்வலமாம், போலீஸ் மறித்துவிட்டார்களாம், வண்டியைத் திருப்பிக் கொண்டுபோகவா என்று கேட்டான்.

"ஏலே, எதுக்குத் திருப்புத?" என்றான் இசக்கித்துரை. வண்டி விஷயம் என்றால் அவன் குரலே வேறு. "ரோட்டை பிளாக் பண்ணிட்டாவன்னா ஓரமா நிப்பாட்டு. ரோட்டுக்கு என்ன கேடு, பஸ்ஸுக்குத்தான இப்பம் வழி இல்ல. சனம் எறங்கி நடந்து போவட்டும். ஊர்வலம் முடிஞ்சதும் அவங்களே பிளாக்க எடுத்துருவாங்க. பொறவு நீ பாட்டுக்கு உள்ள போ. இதுக்கெல்லாமா போன் பண்ணுவ."

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். பின்னால் மீனலோசினி டீக் கிளாஸோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இப்ப போன்ல என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம். நம்ம பஸ்ஸு."

"நான் காலைல இருந்து சொல்லத் தெரியாம தவிக்கிறதை நீங்க அரை நிமிஷத்துல சொல்லிட்டீங்க. பிளாக்குன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுது, எனக்குத்தான் சொல்லத் தெரியல."

இசக்கித்துரை அவளைப் பார்த்தான். பிறகு கையில் இருந்த போனைப் பார்த்தான். தினமும் வண்டியில் அவனும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். ரோட்டில் சொன்னால் அது சாதாரண சொல். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினால்தான் அதில் அப்பா வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

"அப்பம், ரத்தக் குழாய்ல இல்லியா?"

"அதுல கையே வைக்க மாட்டேன். இது வலி போற நரம்பு. அது வேற, ரத்தம் ஓடுறது வேற. தாயும் மகனும் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுட்டீங்களோ?"

அவன் விறுவிறு என்று அறைக்குள் போனான்.

"எம்மா, தபசு அன்னிக்கி நம்ம பஸ்ஸு ஊருக்குள்ள வருமா?"

சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் வந்து, அம்மனுக்குப் பருத்தி எறிந்துவிட்டுப் போகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது.

"எப்படி வரும்? வெளிய நிப்பாட்டித்தான நடந்து வாரோம்."

"ரோட்ட வெட்டிப் போட்டுட்டாங்களா?"

"ஏன்லே வெட்டணும். குறுக்க தட்டி வச்சு மறிச்சிருப்பாவ."

"மறுநாள்?"

"எடுத்துருவாவ. எதுக்குல இதெல்லாம் இப்பம் கேக்க?"

"அதுதான் எம்மா இந்த பிளாக்கு. வலிதான் பஸ்ஸு. டாக்டரம்மா ரெண்டு பக்கமும் தட்டி வைக்கப் போறாவ. பஸ்ஸு வெளியவே நிக்கும். அப்பாவுக்கு வந்தது ரோட்டுக்குக் குறுக்க தானா விழுந்த மரம். இது போலீசு வைக்குத தட்டி. நேரம் ஆனா எடுத்துருவாவ."

சங்கரம்மாள் உடனே தலையாட்டிவிடவில்லை. சாவகாசமாக யோசித்தாள். வாசலில் நின்ற டாக்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"எப்பம் எடுப்பீய?"

"நான் எடுக்க வேண்டாம். மருந்து கரைஞ்சு தானாப் போயிரும். நாளைக்குக் காலைல."

"தபசு அன்னிக்கி பஸ்தான் வராது. ஊருக்குள்ள சனம் பூராவும் நடக்கும். அது மாதிரி எனக்குக் கை காலு, மூச்சு, குடலு?"

"எல்லாம் நடக்கும். பஸ் மட்டும்தான் வராது."

"ஒரு வண்டிகூட வராதா?"

மீனலோசினி நேர்மையான பெண். கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "பஸ்ஸு வராது. ஆனா சந்து வழியா ரெண்டு சைக்கிள் வரும். இது வயித்துச் சுவத்துக்குத்தான் போடுறது. உள்ள குடல்ல லேசாப் பிசையுற மாதிரி இருக்கும். அதுக்குப் பாட்டில்ல வேற மருந்து ஏத்துவேன்."

வராதென்று ஒரேயடியாகச் சொல்லியிருந்தால் சங்கரம்மாள் நம்பியிருக்க மாட்டாள். சைக்கிள் வரும் என்றதும்தான் நம்பினாள்.

"அந்தத் தாள எடு," என்றாள் மகனிடம்.

மத்தியானம் ஆபரேஷன் ஆயிற்று. ஒட்டியிருந்த இடத்தைச் சர்ஜன் பிரித்துவிட்டார். குடல் நல்ல நிறத்தில் இருந்தது, எதையும் வெட்டி எடுக்க வேண்டியிருக்கவில்லை. தையல் போட்டு முடித்ததும் மீனலோசினியின் முறை. கர்ப்பிணிகளுக்குப் பிள்ளை பார்ப்பார்களே, அதே மாதிரி ஒரு ஸ்கேன் மிஷினை உருட்டி வந்து வயிற்றின் மேல் வைத்தாள். திரையில் தசையும் அதற்கு அடியில் உறையும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தன. நாற்பத்தெட்டு கிலோ உடம்புக்கு எத்தனை மில்லி என்று கணக்குப் பார்த்துத்தான் மருந்தை எடுத்திருந்தாள். அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. ஊசி முனை கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே போய் நின்றது. ரத்தக் குழாய் எதிலும் முனை இல்லை என்று இழுத்துப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விட்டாள். ஒட்டியிருந்த இரண்டு கோடும் விலகி, நடுவில் கறுப்பாக வெள்ளரி விதை போல ஓர் இடைவெளி திறந்து பெரிதானது. அது அப்படித் திறந்தால் மருந்து சரியான இடத்தில் போகிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் முடித்து மறு பக்கமும் போட்டாள். அவ்வளவுதான் தட்டி.

சாயங்காலம் வார்டில் கண் விழித்த சங்கரம்மாள் முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கட்டு இருந்தது. கட்டுக்கு அடியில் ஏதோ பக்கத்து வீட்டு வயிறு மாதிரி இருந்தது.

"பஸ்ஸு வந்துச்சா எம்மா?" என்றான் இசக்கித்துரை.

"காணும். ஒரு சைக்கிளு மட்டும் சுத்துது."

நர்ஸ் வந்து தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லி உட்கார வைத்தாள். இருமச் சொன்னாள். சங்கரம்மாள் வாயைத் திறந்தாள். மூடினாள். "ங்கும்" என்று ஒரு சத்தம் வந்தது.

"இது இருமலா, பூனை தும்முனதா?" என்றாள் நர்ஸ்.

வலி இல்லை. ஆனாலும் இருமல் வரவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் பட்டதை மனசு மறந்தாலும் வயிறு மறக்கவில்லை, பாருங்கள். பஸ் வெளியேதான் நிற்கிறது என்று தெரிந்தும் ரோட்டைக் கடக்க முடியாமல் ஓரத்திலேயே நின்றாள். விரலில் மாட்டின கிளிப்பில் ஆக்சிஜன் குறைந்து தொண்ணூற்று மூன்று காட்டியது. மீனலோசினி வந்து முதுகில் குழல் வைத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் அடியில் கரகர என்றது.

"காலைக்குள்ள இது வெளிய வரணும் சங்கரம்மா. ரோட்டைத்தான் நான் மறிக்க முடியும். நடக்கிறது நீங்கதான்."

"நடக்கேன் தாயி," என்றாள். ஆனால் ராத்திரி முழுவதும் பூனைதான் தும்மியது.

காலை ஏழு மணிக்கு நர்சுகள் ஆள் மாறினார்கள். புதிதாக வந்தவள் ஷாஹின் பானு. அவளுக்கு முந்தின நாள் கதை எதுவும் தெரியாது. சங்கரம்மாளின் கட்டில் பக்கம் வந்து, கையில் அட்டையோடு நின்றாள்.

"வலி எப்படி இருக்கு? பத்துக்கு எத்தனை?"

சங்கரம்மாள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு படுத்திருந்தாள். "மக்கா, பஸ்ஸு வந்துட்டு."

"எந்த பஸ்ஸும்மா?"

"இந்தா, ரெண்டு பக்கமும் உள்ள வந்துட்டு. இப்பம் மூணாவதும் வருது. தட்டிய எடுத்துட்டாவ. டாக்டரம்மாட்ட சீக்கிரம் சொல்லு."

ஷாஹின் பானு அட்டையைக் கட்டிலில் வைத்தாள். ஆபரேஷன் முடிந்தவர்களில் சிலருக்கு இப்படிப் புத்தி தடுமாறும் என்று படித்திருந்தாள். ஆக்சிஜன் குறைந்தாலும் இப்படிப் பேசுவார்கள். கிளிப்பைப் பார்த்தாள். தொண்ணூற்று இரண்டு.

"அம்மா, இது எந்த ஊரு சொல்லுங்க பாப்போம்."

"சங்கரன்கோவிலு."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி. கோமதியம்மாளுக்கு உகந்த நாளு. ஏன் தாயி, உனக்குத் தெரியாதா?"

"இங்க பஸ்ஸு எங்கம்மா இருக்கு?"

"என் வயித்துல இருக்கு."

பக்கத்துக் கட்டிலில் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஷரீபா பீவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். "பாவம், நேத்து நல்லாத்தான் பேசிட்டு இருந்துச்சு," என்று உச்சுக்கொட்டினாள்.

ஷாஹின் பானு வராந்தாவுக்கு ஓடிப் போன் பண்ணினாள். "மேடம், மூணாம் நம்பர் பேஷண்ட் கொஞ்சம் குழம்பிப்போய் இருக்காங்க. வயித்துக்குள்ள பஸ் வந்துட்டுன்னு சொல்லுதாங்க."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. "எத்தனை பஸ்ஸாம்?"

"மூணு மேடம்."

"சரி, ஸ்கேன் மிஷினை எடுத்து வை. இந்தா வாரேன். அந்தம்மா புத்தி உனக்கும் எனக்கும் மேல தெளிவா இருக்கு."

இந்தத் தடவை சங்கரம்மாள் முழித்துக்கொண்டே இருந்தாள். மீனலோசினி திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். தன் வயிற்றைத் தானே பார்க்கிற வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும். வெள்ளைக் கோடுகளையும், அவை விலகிக் கறுப்பு வெள்ளரி விதை திறப்பதையும் மூச்சுக் காட்டாமல் பார்த்தாள்.

"இதுதான் தட்டியா?"

"இதுதான்."

"நல்லா இறுக்கி வைங்க. நேத்து வச்சது காலைலயே அசஞ்சுட்டு."

இருபது நிமிடம் காத்திருந்தார்கள். அவள் நெற்றியில் இருந்த சுருக்கம் ஒவ்வொன்றாகப் போயிற்று. ஷாஹின் பானு தலையணையைக் கொடுத்து உட்கார வைத்தாள். இசக்கித்துரை கட்டில் ஓரத்தில் நின்றான். மீனலோசினி முதுகில் குழல் வைத்து, "ம், இருமுங்க" என்றாள்.

"ங்கும்."

"பூனை," என்றாள் ஷரீபா பீவி.

"வர மாட்டேங்கு தாயி. வாய் வரைக்கும் வந்துட்டு வயிறு பிடிச்சு நிப்பாட்டிருது." சங்கரம்மாளின் கண் கலங்கியது. போன தடவை அவளைத் திருநெல்வேலிக்கு ஏற்றிப்போன மாதிரி ஆம்புலன்ஸ் இந்த ஆஸ்பத்திரி வாசலிலும் ஒன்று நின்றது. வரும்போதே பார்த்திருந்தாள்.

மீனலோசினி அவசரப்படவில்லை. குழலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இசக்கித்துரையிடம் கேட்டாள். "அம்மா வயித்தை எக்கிப் பெரிசா மூச்சு இழுத்து விடுத வேலை ஏதாவது வீட்டுல செய்வாங்களா? ஊதுறது, கத்துறது, எதுவானாலும் சரி. நினைச்சுப் பார்க்காம தானா வாரதா இருக்கணும்."

"குலவை போடுவாவ," என்றான் அவன். சொன்னதும் அவனுக்கே முகம் மலர்ந்தது. "எம்மா, குலவை போடுங்க."

"கோட்டிப்பயலே. ஆஸ்பத்திரில போய் யாரும் குலவை போடுவாவளா? நாலு பேரு நோவோட படுத்திருக்க எடம்."

"நாலு பேருல ஒருத்தி நான் சொல்லுதேன், போடுங்க," என்றாள் ஷரீபா பீவி. "எங்க உம்மா காலத்துல கல்யாண வீட்டுல நாங்களும் குரவை விடுவோம். கேட்டு எவ்வளவு நாளாச்சு. எனக்காகப் போடுங்க மதினி. வெள்ளிக்கிழமைதான."

சங்கரம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தலையணையை வயிற்றோடு இறுக்கினாள். கண்ணை மூடினாள். மூக்கில் குழாய், கையில் ஊசி, ஆனாலும் முதுகு தானாக நிமிர்ந்தது. கொடை நாளில் நிமிர்கிற மாதிரி. மூச்சை உள்ளே இழுத்தாள். நேற்றிலிருந்து இழுக்காத மூச்சு, இருபத்தைந்து வருடத் தூசியையும் தாண்டி அடிவயிறு வரை போன மூச்சு. நாக்கு சுழன்றது.

முதலில் கம்மலாகத்தான் கிளம்பியது. மூக்குக் குழாய் குரலை அமுக்கியது. ஆனால் நிற்கவில்லை. வார்டு வாசலில் ஆள் கூடிவிட்டது. மாத்திரைத் தட்டோடு வந்தவள் தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். குலவை ஏறி, நின்று, இறங்கி, கடைசிச் சொட்டு மூச்சும் வெளியே போனபோது நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. அவள் அடக்குவதற்குள், அடக்க வேண்டும் என்று வயிறு நினைப்பதற்குள், அது வந்துவிட்டது. இருமல். பூனை இல்லை. கட்டிலே ஆடுகிற இருமல். ஒன்று, இன்னொன்று, மூன்றாவது. ஷாஹின் பானு கிண்ணத்தை நீட்டினாள். சளி கட்டி கட்டியாக விழுந்தது.

சங்கரம்மாள் கண்ணைத் திறந்தாள். பயந்துபோய் வயிற்றைத் தொட்டாள். பிளக்கவில்லை. தையல் தையலாகவே இருந்தது.

"பஸ்ஸு வரல," என்றாள் ஆச்சரியமாக.

பிறகு அவளே, யாரும் சொல்லாமல், இன்னொரு தடவை இருமினாள்.

மீனலோசினி மறுபடி முதுகில் குழல் வைத்தாள். இடப் பக்கம் தெளிந்துவிட்டது. வலப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருந்தது. "மத்தியானம் ஒரு குலவை, சாயங்காலம் ஒரு குலவை," என்று சொல்லிவிட்டு, சீட்டில் மருந்துக்குக் கீழே அதையும் எழுதினாள். எழுதினாளா, எழுதுவது போல் பாவனை செய்தாளா, நான் பார்க்கவில்லை. ஆனால் சாயங்காலம் கிளிப்பில் தொண்ணூற்று ஏழு காட்டியது. அது உண்மை.

சனிக்கிழமை மூக்குக் குழாயை எடுத்தார்கள். சங்கரம்மாள் மகன் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தா கடைசி வரை நடந்து போய்த் திரும்பினாள். அன்றைக்குத் தட்டி மறுபடி தேவைப்படவில்லை. பஸ் உள்ளே வந்ததுதான், ஆனால் கூட்டம் இல்லாத பஸ். மாத்திரைக்கே அடங்கியது.

ஷாஹின் பானு அட்டையோடு வந்து நின்றாள். பத்துக்கு எத்தனை என்று கேட்க வாயெடுத்தவள் அதை விட்டுவிட்டாள்.

"இன்னிக்கு என்ன வண்டிம்மா?"

"சைக்கிளு. அதுவும் காத்து எறங்குன சைக்கிளு."

அவள் அட்டையில் இரண்டு என்று எழுதிக்கொண்டாள். பிறகு பக்கத்துக் கட்டிலுக்குத் திரும்பினாள்.

"மாமி, உங்களுக்கு?"

ஷரீபா பீவி மல்லாந்து படுத்தபடியே யோசித்தாள். "டவுன் பஸ்ஸுதான் மக்கா. ஆனா ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நின்னு நின்னு வருது. அந்த டாக்டரம்மாவை எனக்கும் ஒரு தட்டி வச்சுட்டுப் போகச் சொல்லேன்."